உதைக்காத துப்பாக்கி

"உதைக்குதாம்! உதைக்காம பின்ன மடியில உட்கார்ந்து கொஞ்சுமா?"

துப்பாக்கிப் பட்டறைக்காரர் போட்ட சத்தத்தில், எதிர்க்கடையில் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வழக்கமான சத்தம்தான் என்று மறுபடி குனிந்துகொண்டார்.

மேசைமேல் விரித்த பச்சைத் துணியில் சம்பந்தியின் புதுத் துப்பாக்கி படுத்திருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பென்சில் மாதிரி ஒல்லிக் குழல். கறுப்பு நிறத்தில் பிளாஸ்டிக்கும் நாரும் கலந்து வார்த்த கட்டை. குடையைத் தூக்குகிற மாதிரி ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். அந்த லேசுதான் பட்டறைக்காரருக்கு வயிற்றெரிச்சல்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. மாப்பிள்ளை இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாரு" என்றாள் மனைவி. கடையின் முன்பக்கம், வாடிக்கையாளரைப் பார்ப்பது, டெலிபோன் எடுப்பது, கணவன் வாடிக்கையாளரைத் திட்டிய பிறகு அவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள் இலாகா. மூன்றாவது வேலைதான் அதிகம்.

மாப்பிள்ளை வந்தவர் உட்காரக்கூட இல்லை. பக்கத்துக் கடை வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை போட்டி மாமா. அப்பாவுக்கு உதைக்குது. நீங்கதான் பார்த்துக்கணும். வேற யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டேன்னுட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் பட்டறைக்காரர், "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. மாப்பிள்ளை சாதுவான மனுஷர். கல்யாணமானதிலிருந்தே மாமனார் எழுந்து நின்றால் அவர் ஓரடி பின்னால் போவது வழக்கம். வெளியே வேறு யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். "சரிங்க மாமா, பார்த்துக்கங்க" என்றபடியே வாசல் வரைக்கும் பின்பக்கமாக நடந்து, காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கே சொன்னார் என்பது சத்தியம். சம்பந்தியிடம் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. கனமான குழல், தேக்குக் கட்டை. குறி தப்பாது. ஆனால் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போகிறது என்று புலம்பியவர், லேசாக ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார்.

"சம்பந்தி, எடை குறைஞ்சா உதை கூடும். காலி வண்டிதான் குலுங்கும், சுமை ஏத்தின வண்டி அடக்கமா போகும். வேண்டாம்" என்று பட்டறைக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். அவர் தன்மையாகச் சொன்னது அவருடைய சரித்திரத்திலேயே அபூர்வம்.

அதற்குச் சம்பந்தி சிரித்தார். "நீங்க பழைய ஆளு சம்பந்தி. காலத்தோட போகணும்" என்றார்.

பழைய ஆள்! இருவரும் ஒரே வயசு. சொல்லப்போனால் சம்பந்தி ஒரு மாசம் மூத்தவர். அதோடு விட்டாரா? கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போய், ஏ.சி. காற்று வாங்கிக்கொண்டே துப்பாக்கியையும் வாங்கி வந்தார். வாங்கும்போது கண்ணாடிக் கடை, உதைக்கும்போது பட்டறையா?

"சொன்னீங்க. நான் இல்லேங்கல. இப்ப உதைக்காம பண்ணிக் கொடுங்க" என்றாள் மனைவி.

"எப்படிப் பண்றது? குதிரை உதைக்குதுன்னா காலைக் கட்டலாம். இதுக்கு எதைக் கட்டுவேன்?"

"அதை நானா சொல்லணும்? ஊருக்கெல்லாம் பண்றீங்க. பொண்ணு வாழற வீட்டுக்குன்னா மட்டும் கை வராதா?"

இது அவள் கடைசியாக வீசுகிற ஆயுதம். இன்றைக்கு முதலிலேயே வீசிவிட்டாள்.

"சம்பந்திக்கே ஒரு போன் போட்டு, எங்க இடிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேட்டுடுங்களேன்."

"நானா? கேட்கிறதா?" பட்டறைக்காரருக்கு மூக்கு நுனி சிவந்தது. "கேட்டா, 'இதுகூடத் தெரியாதா'ன்னு மறுபடியும் சிரிக்கிறதுக்கா? ஒல்லிக் குழல் ஏன் உதைக்குது, எப்படி உதைக்குதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்!"

அவர் கேட்காவிட்டால் என்ன, அவள் மகளுக்கு டெலிபோன் செய்தாள்.

"ஏம்மா, உங்க மாமாவுக்கு உதைக்குதாமே?"

"ஆமாம்மா. பாவம், மனுஷர் ரெண்டு நாளா முகம் கொடுத்தே பேசல. எவ்வளவு ஆசையா பேர் கொடுத்திருந்தாரு! அப்பாகிட்ட நல்லா பார்த்துக்கச் சொல்லு. அந்தத் துப்பாக்கி மேல உசிரையே வச்சிருக்காரு. இங்க வீடே அமளியா இருக்கும்மா, அப்புறம் பேசறேன்."

மனைவி ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கேட்டீங்களா? வீடே அமளியா இருக்காம். உங்க பொண்ணு குரலே சரியில்ல."

பட்டறைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தார். தோளில் பதியும் கட்டையின் அடிப்பாகத்தில், சோபா மாதிரி மெத்தென்று தடித்த ரப்பர்த் துண்டு ஒன்றைப் பொருத்தினார். உதை ரப்பருக்கு, தோள் சம்பந்திக்கு. வேலை முடிந்தது என்று ரைபிள் கிளப்பின் சுடுதளத்துக்கு எடுத்துப்போய், தானே தோளில் வைத்துப் பார்த்தார்.

ரப்பர் ஏறியதில் கட்டை நீளமாகிவிட்டது. கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினால்தான் மேலே இருக்கிற தொலைநோக்கியில் இலக்குத் தெரிந்தது. நீட்டினார், பார்த்தார், விசையை இழுத்தார். துப்பாக்கி ரப்பரை ஒரு அமுக்கு அமுக்கிப் பின்னால் வந்தது. தொலைநோக்கியின் விளிம்பு நேராக அவர் புருவத்தில் முத்திரை குத்தியது.

வீட்டுக்கு வந்தபோது வலது புருவத்தின்மேல் அரைவட்டமாக ஒரு வெட்டு. பார்ப்பதற்கு எந்நேரமும் எதையோ கண்டு ஆச்சரியப்படுகிறவர் மாதிரி இருந்தார்.

"இதென்னங்க?"

"உன் சம்பந்தியோட துப்பாக்கி கொடுத்த மரியாதை!"

மனைவி பஞ்சால் துடைத்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டாள்: "குழல் முனையில ஏதோ மாட்டுவாங்களே, ஓட்டை ஓட்டையா ஒரு மூடி. அதை மாட்டினா?"

பட்டறைக்காரர் சுவரைக் காட்டினார். அங்கே அவரே தன் கையால் எழுதிய பலகை தொங்கியது: 'ஒல்லிக் குழலுக்கு பிரேக் மாட்டித் தரப்படாது. காரணம் கேட்காதீர். இப்படிக்கு, நிர்வாகம்.' நிர்வாகம் என்பதும் அவரேதான். அந்தப் பலகையைக் காட்டி எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார். அதில் ஒரு டாக்டர்கூட உண்டு. காரணம் கேட்டதற்காக.

"அதைத்தான் மூடின்னு சொல்றியா? அது மூடி இல்ல, பிரேக்."

"பிரேக் போட்டா நிக்கணுமே. குண்டு நின்னுடாதா?"

"குண்டு போகும். அதுக்குப் பின்னாடி வர்ற காத்து இருக்கே, அதைப் பக்கத்து ஓட்டை வழியா ரெண்டு பக்கமும் பீச்சி அடிக்கும். அந்த வேகம் துப்பாக்கியை முன்னாடி இழுக்கும். தோளுக்கு உதை குறையும்."

"பக்கத்துல நிக்கிறவர்?"

"அவருக்குக் காது கிழியும்."

"அப்ப நம்ம சம்பந்திக்குத் தோள் வலி போகுது, பக்கத்துல நிக்கிறவருக்குக் காது போகுது. பக்கத்துல நிக்கிறவரா நமக்குச் சம்பந்தி?"

பட்டறைக்காரர், "ஒல்லிக் குழல்ல பிரேக் திருக மரை வெட்டச் சதை ஏது? எலும்பைத்தான் சீவணும்!" என்று முனகினார். அவள் எழுந்து போய்ப் பலகையின்மேல் அவருடைய மேல்துண்டைத் தொங்கவிட்டாள். 'இப்படிக்கு, நிர்வாகம்' மட்டும் கீழே எட்டிப் பார்த்தது.

மறுநாள் குழலை லேத்தில் பூட்டினார். என்னதான் கோபக்காரர் என்றாலும் லேத் முன்னால் நின்றுவிட்டால் அவர் வேறு ஆள். குரல் இறங்கிவிடும், மூச்சுகூட அளவாக வரும். குழல் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் அழுத்திவிட்டால் ஒல்லிக் குழல் வளைந்துகொடுக்கும். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் சுவர் பிளாஸ்டிக் குழாய் மாதிரி மெலிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, பிரேக்கின் துளையும் குழலின் துளையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினால் போதும், குண்டு போகிறபோது பிரேக்கையும் கூட அழைத்துக்கொண்டு போய்விடும். இழை இழையாக இரும்பைச் சீவி எடுத்தார். மனைவி அன்றைக்கு டெலிபோனைக்கூட எடுக்கவில்லை. மணியடித்தால் அவர் கை அசைந்துவிடும் என்று ரிசீவரைக் கீழே எடுத்து வைத்திருந்தாள்.

கடைசியில் பிரேக்கை விரலால் திருகினார். வழுக்கிக்கொண்டு ஏறி, குழலோடு குழலாக உட்கார்ந்தது. எங்கே குழல் முடிகிறது, எங்கே பிரேக் தொடங்குகிறது என்று நகத்தால் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

"அழகா இருக்குங்க" என்றாள் மனைவி.

"அழகாதான் இருக்கும். செஞ்சது யாரு? கண்ணாடிக் கடைக்காரனா?"

அன்று மாலையே சுடுதளத்துக்குப் போனார். பக்கத்துத் தடுப்பில் கிளப் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். செயலாளர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். தொப்பியை நேராக வைத்து, காது மூடியைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, குறிபார்க்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். அவர் மூச்சைப் பிடித்த அந்த நிமிஷத்தில்தான் பட்டறைக்காரர் விசையை இழுத்தார்.

பட்டறைக்காரரின் தோளில் யாரோ நண்பர் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் உதை! ஆனந்தத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினார்.

செயலாளரின் தொப்பியைக் காணோம். மூக்குக் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. தலைமுடி எதிர்க்காற்றில் ஓடி வந்தவர் மாதிரி ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. அவர் துப்பாக்கியும் எப்போதோ வெடித்து, குண்டு மூன்றாவது ஆளின் இலக்கில் போய் விழுந்திருந்தது.

"என்னய்யா அது? துப்பாக்கியா, பீரங்கியா?"

"பிரேக் மாட்டியிருக்கேன். கொஞ்சம் காத்து வரும்."

"கொஞ்சமா? எனக்குப் பல்லு ஆடுதய்யா! ஞாயித்துக்கிழமை உங்க சம்பந்தி இதைக் கொண்டுவந்தா, என் பக்கத்துல நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"பின்ன எங்க நிக்கணும்?"

"ஊருக்கு வெளியே!"

மற்ற தடுப்புகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தருக்குக் காதில் வண்டு ரீங்காரம். ஒருத்தருக்கு நெஞ்சு படபடப்பு. சுடுதளத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூட ஏதோ ஆகிவிட்டதாம். பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இதென்னய்யா நியாயம்? உதைச்சா அவருக்குக் கோபம், உதைக்கலேன்னா உங்களுக்குக் கோபமா? ஒரு மனுஷன் யாருக்குத்தான் நல்லவனா இருக்கிறது? துப்பாக்கி சுடற இடத்துல சத்தம் கேட்காம நாதஸ்வரமா கேட்கும்?"

கத்திவிட்டு வந்துவிட்டாரே தவிர, பட்டறையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் செயலாளர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அவர்தான் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நடத்துகிறவர். அவர் மறுத்துவிட்டால் சம்பந்தி வெளியே நிற்க வேண்டியதுதான். அப்புறம் மகள் வீட்டு அமளிக்குக் கேட்கவா வேண்டும்?

சரி, காற்று பக்கவாட்டில் போனால்தானே பக்கத்தில் நிற்கிறவருக்குக் கஷ்டம்? பக்கத்து ஓட்டைகளை அடைத்தார். மேல்பக்கமாக வரிசையாய்ப் புது ஓட்டைகள் போட்டார். மேலே யார் நிற்கப் போகிறார்கள்?

மேலே கூரை இருந்தது.

சுடுதளத்தின் தகரக் கூரை போட்ட காலத்திலிருந்து யாரும் அதைத் துடைத்ததில்லை. துடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. பட்டறைக்காரர் விசையை இழுத்ததும், பிரேக்கிலிருந்து மேலே கிளம்பிய காற்று தகரத்தை ஒரு அறை அறைந்தது. இத்தனை வருஷத்துத் தூசி, ஒட்டடை, காலியான குருவிக்கூடு எல்லாம் மொத்தமாகப் புறப்பட்டுக் கீழே வந்தன. அடங்கியபோது, தடுப்புக்குத் தடுப்பு ஒரு வெள்ளை மனிதர் இருமிக்கொண்டு நின்றார். செயலாளர் இன்று புதுத் தொப்பி வாங்கிப் போட்டிருந்தார். அதன்மேல் குருவிக்கூடு உட்கார்ந்திருந்தது.

செயலாளர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கூட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "பட்டறைக்காரரே, உங்களுக்கு என்மேல ஏதாவது வருத்தம் இருந்தா நேரா சொல்லிடுங்க" என்றார்.

"உங்க கூரையைச் சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கேன், நன்றி சொல்லத் தெரியல!" என்றார் பட்டறைக்காரர். ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை. ஏனென்றால் அவர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசிக்கு முன்னும் பின்னுமாக அவர் சுட்ட குண்டுகள், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி மூலைக்கு ஒன்றாகப் போயிருந்தன. கோபத்தில் சுட்டாலும் குறி தவறாத கை அவருடையது. தப்பு கையில் இல்லை. ஒல்லிக் கொம்பின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் கொம்பு ஆடத்தானே செய்யும்? பிரேக்கின் கனத்தில், ஒவ்வொரு வெடிக்கும் குழல் ஒவ்வொரு விதமாக ஆடியது.

குறி தப்பிய துப்பாக்கியைச் சம்பந்தியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? 'பழைய ஆளு' என்பதோடு 'கை போன ஆளு' என்றும் சேர்த்துச் சொல்வார். பட்டறைக்காரருக்கு இனி இது சம்பந்தியின் துப்பாக்கி இல்லை, தன் மானம்.

குழல்மேல் எஃகு உறை ஒன்றைச் செய்து, கையுறை மாதிரி நுனி வரைக்கும் ஏற்றிப் பொருத்தினார். பிரேக்கைக் கழற்றி, மேலே கொஞ்சம், பக்கத்தில் கொஞ்சம் என்று ஓட்டைகளைப் பங்கிட்டுக் கூரைக்கும் செயலாளருக்கும் சமமாக நியாயம் செய்தார். குழல் ஆட்டம் நின்றது. ஆனால் துப்பாக்கி முன்பக்கம் கவிழ்ந்தது. மேசைமேல் வைத்தால் மூக்கால் மேசையை மோந்து பார்த்தது. சமன் செய்யக் கட்டைக்குள் ஈயம் வார்த்தார். இப்போது பின்பக்கம் கவிழ்ந்தது. முன்னால் இன்னும் கொஞ்சம் எஃகு. பிறகு பின்னால் இன்னும் கொஞ்சம் ஈயம்.

கடைசியில் சமனாக நின்றது. சுட்டுப் பார்த்தார். உதை? இல்லவே இல்லை. தோளில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இலக்கில் குண்டுகள் எல்லாம் ஒரே ஓட்டைக்குள் புகுந்து போயிருந்தன. தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்த செயலாளர்கூட, காதிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையாட்டினார்.

மனைவி பட்டறையில் அதைத் தூக்கிப் பார்த்தாள். ஒற்றைக் கையால் முயன்று, பிறகு இரண்டு கையாலும் முயன்று, கடைசியில் அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏங்க, இது லேசுத் துப்பாக்கிதானே?"

"லேசாதான் இருந்துச்சு."

"சம்பந்தியோட பழைய துப்பாக்கியை நான் ஒருதரம் நகர்த்தி வச்சிருக்கேன். அது இதைவிட லேசு."

"கனமா இருந்தா உதைக்காதுன்னு அன்னைக்கே சொன்னேனே, இப்ப உண்மையாச்சா இல்லையா?"

அவள் பிரேக்கைத் தொட்டுக் காட்டினாள். "இவ்வளவு கனமே உதையை நிறுத்திடும்னா, அப்புறம் அந்த மூடி எதுக்கு? கழட்டிடலாமே."

பட்டறைக்காரருக்கும் அது முந்தின நாளே தோன்றியிருந்தது. தோன்றியதை யாரிடமும் சொல்வதாக இல்லை. "கழட்டினா வெட்டின மரை வெளியே தெரியும். பல்லு போன வாய் மாதிரி இருக்கும். பேசாம இரு" என்றார்.

இன்னொரு சங்கடம், துப்பாக்கி இப்போது அதன் பெட்டிக்குள் அடங்கவில்லை. நுனி இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தை அறுத்து, மூடியை ஒரு பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டார். மனைவியும் கூட வந்தாள். அவரை நம்பித் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. பெட்டியை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு இருவரும் சுடுதளத்துக்குள் நுழைந்தபோது, சம்பந்திக்குப் பக்கத்துத் தடுப்பில் நிற்க வேண்டியவர் தானாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

போட்டி ஆரம்பித்தது. சம்பந்தியைக் காணோம். ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பட்டறைக்காரர் வாசலுக்கும் தடுப்புக்குமாக நடந்தார். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, "வரல" என்று செயலாளர் அறிவித்தார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி ஒலிபெருக்கி முழுக்க வழிந்தது.

"வழியில கார் கீர் நின்னிருக்கும்" என்றாள் மனைவி.

"நின்னிருக்காது. மனுஷனுக்கு நம்பிக்கை இல்ல! இந்தப் பழைய ஆளு என்னத்தைச் சரிபண்ணிக் கிழிச்சிருக்கப் போறான்னு வீட்டுல கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்காரு. ஒரு வார்த்தை? ஒரு போன்? புருவம் கிழிஞ்சவன் நான். ஊர் பகை தேடிக்கிட்டவன் நான். என் பலகைக்கு நானே துரோகம் பண்ணியிருக்கேன்! எடு பெட்டியை!"

"எங்க?"

"அவர் வீட்டுக்கு! அவர் மூஞ்சிக்கு நேரா வச்சுட்டு வரேன்!"

"பொண்ணு வாழற வீடுங்க…"

"வாழட்டும். நல்லா வாழட்டும். நான் கேட்கிறதைக் கேட்டுட்டுத்தான் வருவேன்."

வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது மட்டும், பக்கத்துக் காரில் இருந்தவர்கள் பார்ப்பதால் குரலைத் தணித்துக்கொண்டார். மனைவி, சம்பந்தி அம்மாளிடம் பிற்பாடு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்தவள் மகள். "அப்பா! என்னப்பா புருவத்துல?"

அவர் நேராக உள்ளே போய்க் கூடத்து மேசைமேல் பெட்டியை வைத்தார். மேசையின் கால்கள் கிறீச்சிட்டன. பூச்சாடி ஒன்று நகர்ந்து ஓரத்துக்குப் போனது. மனைவி அதை எட்டிப் பிடித்தாள். அந்த நேரம் மாப்பிள்ளையும், எங்கேயோ போய்விட்டு அப்போதுதான் திரும்பியவராய்க் கார் சாவியோடு உள்ளே வந்தார். மாமனார் நிற்பதைப் பார்த்ததும் கால் தானாக ஓரடி பின்னால் போனது.

"வாங்க மாப்பிள்ளை! நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க உங்க அப்பா? அவரையும் கூப்பிடுங்க, நின்னு கேட்கட்டும்! உதைக்குதுன்னு அனுப்பினாரு. நான் ஏன்னு கேட்டேனா? எதுக்குன்னு கேட்டேனா? வாங்கும்போது கண்ணாடிக் கடை, நான் வாயைத் திறந்தேனா? இந்த வாரம் பூரா ஊர் வேலை ஒண்ணுகூடத் தொடல. ஒல்லிக் குழலுக்கு பிரேக் மாட்ட மாட்டேன்னு சபதம் போட்டவன் மாட்டினேன். ரப்பர் வச்சேன், ஓட்டை அடைச்சேன், ஓட்டை போட்டேன், உறை போட்டேன், ஈயம் ஊத்தினேன். இன்னைக்கு இந்தத் துப்பாக்கியைச் சுட்டா ஒரு குழந்தைக்குக்கூடத் தோள் வலிக்காது. அப்படிப் பண்ணி வச்சுட்டு அங்க கால் கடுக்க நின்னா, மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கல! இதுக்குப் பேரு என்ன மாப்பிள்ளை? நீங்களே சொல்லுங்க, இதுக்குப் பேரு மரியாதையா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூச்சாடியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை மெதுவாக வந்து பெல்ட்டை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். எஃகு உறையைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், மேலேயும் பக்கத்திலும் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். தூக்கப் பார்த்தார். முடியவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக மாமனாரை நேருக்கு நேர் பார்த்தார்.

"மாமா, அப்பாவுக்கு உதைச்சது துப்பாக்கி இல்ல, தேதி, போட்டியன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாரு, இப்பத்தான் ரயிலேத்திட்டு வரேன், அவர் திரும்பி வர்ற வரைக்கும் யார் கையும் படாம பார்த்துக்கத்தான் இதை உங்ககிட்ட கொடுத்துட்டு வந்தேன்!"